பர்லியாரில் நின்றுவிடும் எம்ஜிபி: பசியா, அஜீரணமா?

கேள்வி: குன்னூர் எஸ்டேட் ஒன்றிலிருந்து ஊர் திரும்பிய வெள்ளைக்கார மேனேஜர் ஒருவரிடம் எங்கள் அப்புச்சி வாங்கிய 1967 மாடல் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் இப்போது என்னிடம் இருக்கிறது. இரண்டு எஸ்யூ கார்ப்பரேட்டர், பின்னால் டிக் டிக் என்று அடிக்கும் கரன்ட் பம்ப், எல்லாம் அந்தக் காலத்துச் சாமான்தான். காலையில் கோவையில் சோக் இழுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகும். கல்லாறு தாண்டி மலையேறும்போதும் ஒரு குறையும் இல்லை. பர்லியாரில் டீ குடிக்கக் கால் மணி நேரம் நிறுத்திவிட்டு எடுத்தால் சாவி திருப்பியதும் பிடிக்கிறது; ஆனால் அரை நிமிடம் ஓடி, இழுத்து இழுத்து நின்றுவிடுகிறது. பிறகு எவ்வளவு செல்ஃப் அடித்தாலும் பிடிப்பதில்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. சித்திரை வெயிலில் அவிநாசி ரோட்டு நெரிசலிலும் இதே கதை. ஒரு மெக்கானிக் காயிலும் பிளக்கும் மாற்றினார். இன்னொருவர், பம்புக்குப் பவர் போதவில்லை, வேறு காரின் பெரிய பம்ப் போடலாம் என்கிறார். மூன்றாமவர் இரட்டைக் கார்ப்பரேட்டரைக் கழற்றிவிட்டு ஒற்றைக் கார்ப்பரேட்டர் போட்டால் தொல்லை விட்டது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? இன்ஜின் படங்கள் மூன்று இணைத்திருக்கிறேன்.
— ஒரு கோவை வாசகி

பதில்: அம்மணி, அந்த மூன்று பேரும் கெட்டிக்காரர்களாகவே இருக்கலாம். ஆனால் மூன்று பேரும் உங்கள் வண்டியைப் பார்த்தது அது ஆறிப்போன பிறகு. ஷெட்டுக்கு வந்து சேரும்போது நோய் போய்விடுகிறது. ஆறின வண்டியை முன்னால் வைத்துக்கொண்டு யோசித்தால் எல்லாச் சாமான் மேலும் சந்தேகம் வரும். ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போகவேண்டியதுதான், பணம் தீரும்வரை. நின்றுபோன முதல் ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்த ஐந்து நிமிடமும் வண்டி பக்கத்தில் இருக்கப்போகிற ஆள் நீங்கள்தான். அதனால் இந்தப் பதிலில் பெரும்பகுதி உங்களுக்கான வேலை, மெக்கானிக்குக்கு அல்ல.

முதலில், இது ஏன் வருகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

நான் தொழில் பழகியது மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு சின்ன ஷெட்டில். ஊட்டிக்கு ஆள் ஏற்றிப் போகும் அம்பாசிடர்கள்தான் அன்று எங்களுக்குச் சோறு போட்டன. கோடையில் மலை ஏறும்போது வண்டி நின்றால் டிரைவர் பதறமாட்டார். பானட்டைத் திறந்து, பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு, ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்துவிடுவார். தள்ளிப்போய் உட்கார்ந்ததுதான் அந்த வைத்தியத்தில் முக்கியமான பகுதி என்று எங்கள் மேஸ்திரி சொல்வார். பம்ப் சூடேறி உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவியைப் பம்பால் தள்ள முடியாது. ஈரத்துணியால் பம்ப் குளிர்ந்ததும் சரியாகிவிடும். 'ஏர் லாக்' என்று நாங்கள் சொன்னது இதைத்தான்.

உங்கள் இன்ஜினும் அந்தப் பழைய அம்பாசிடர் இன்ஜினும் பங்காளிகள். இரண்டும் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் குடும்பம். அம்பாசிடருடையது 1489 சிசி, உங்களுடையது 1798 சிசி. வயதில் இளையது, உடம்பில் பெரியது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அம்பாசிடரின் பம்ப் இன்ஜின் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு வெந்துகொண்டிருக்கும். உங்கள் வண்டியின் பம்ப் பின்னால், சீட்டுக்குப் பின்புறம் உள்ள வலப்பக்க பேட்டரிப் பெட்டியை ஒட்டி, குளிர்ச்சியான இடத்தில் இருக்கிறது. ஆகவே அந்த ஈரத்துணி வைத்தியத்துக்கு உங்கள் பானட்டுக்குள் பம்பே கிடையாது. அங்கே வேகிறது வேறு.

பி-சீரிஸ் இன்ஜினில் காற்று உள்ளே போகும் வழியும் புகை வெளியே வரும் வழியும் ஒரே பக்கம், இடப்பக்கம். காற்றோடு பெட்ரோலைக் கலந்து கொடுக்கும் கார்ப்பரேட்டர் இரண்டும், புகை வெளியேறும் குழாயான மேனிஃபோல்டுக்கு நேர் மேலே. அடுப்புக்கு மேல் உறி கட்டின மாதிரி. வண்டி ஓடும்வரை இது தெரியாது. ரேடியேட்டர் வழியாகக் காற்று அடித்துக்கொண்டே இருக்கும், டேங்கிலிருந்து குளிர்ந்த பெட்ரோல் வந்து கார்ப்பரேட்டரைக் கழுவிக்கொண்டே இருக்கும். சாவியைத் திருப்பி அணைத்த நொடியில் ஃபேன் நிற்கிறது, தண்ணீர் ஓட்டம் நிற்கிறது, பெட்ரோல் ஓட்டம் நிற்கிறது. மேனிஃபோல்டின் சூடு மட்டும் நிற்பதில்லை, அது மேலே ஏறுகிறது. பானட்டுக்குள் சூடு உச்சத்துக்கு வருவது வண்டி ஓடும்போது அல்ல, நிறுத்திப் பத்து, இருபது நிமிடம் ஆன பிறகு. இரண்டு நிமிடம் நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. ஒரு மணி நேரம் நிறுத்தினாலும் ஒன்றும் ஆகாது. டீக்கடை நேரம் இருக்கிறதே, அதுதான் எமன்.

பெட்ரோல் என்பது தண்ணீர் மாதிரி ஒரே பொருள் அல்ல, பல பொருள்களின் கலவை. அதில் லேசானவை 35 டிகிரி அளவிலேயே ஆவியாகத் தொடங்கும். கனமானவை 200 டிகிரி வரை தாங்கும். இப்போது நம் பெட்ரோல் பங்குகளில் கிடைப்பதில் 20 சதவீதம் வரை எத்தனால். அது 78 டிகிரியில் கொதிப்பது. அதோடு பெட்ரோலில் கலந்தால் பக்கத்திலிருப்பதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு முன்னதாகவே ஆவியாகும். இதற்கு மேல் மலை. குன்னூர் சுமார் 1850 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான், தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அங்கே பருப்பு வேகவைத்தவர்களுக்கு இது தெரியும். பெட்ரோலுக்கும் அதே கணக்குத்தான். பர்லியார் அவ்வளவு உயரமில்லை என்றாலும், இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறிவந்த இன்ஜினுக்கு அந்தக் கொஞ்சம் போதும்.

சரி, கொதித்த பெட்ரோல் என்ன செய்கிறது? இங்கேதான் வழி இரண்டாகப் பிரிகிறது.

ஒன்று பசி. கார்ப்பரேட்டருக்கு வரும் குழாயில் பெட்ரோலுக்குப் பதில் ஆவி நிற்கிறது. கார்ப்பரேட்டரின் சின்னத் தொட்டியில், அதாவது ஃப்ளோட் சேம்பரில், மிச்சம் இருக்கும் பெட்ரோலில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். அரை நிமிடத்தில் அது காலி. நிரப்ப வருவது வெறும் ஆவி. இழுத்து இழுத்து நின்றுவிடும்.

இன்னொன்று அஜீரணம். ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் பால் பொங்குவது போலப் பொங்கி, ஜெட் என்ற சின்னத் துளை வழியாக வழிந்து, உள்ளே காற்றுப் பாதையில் தேங்கிவிடும். இன்ஜினுக்கு மூச்சுமுட்டும், ஸ்டார்ட் ஆனாலும் தடுமாறி, கறுப்புப் புகை விட்டு நிற்கும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதைப் பெட்ரோலோடு சேர்க்கக்கூடாது: சூடானதும் கரன்ட் அறுந்துபோவது. ஸ்பார்க்குக்குக் கரன்ட் கொடுக்கும் காயில், அதைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டெல்கோ (டிஸ்ட்ரிபியூட்டர்), அதற்குள் இருக்கும் கண்டென்சர், சின்ன ஒயர், ரோட்டர். இவற்றில் எது வேண்டுமானாலும் ஆறினபோது நல்லபிள்ளையாக இருந்து, சூட்டில் காலை வாரும்.

மூன்றுக்கும் வெளி அறிகுறி ஏறக்குறைய ஒன்றே. வைத்தியம் நேர்எதிர். பசிக்குக் கொடுக்கும் மருந்தை அஜீரணத்துக்குக் கொடுத்தால் வண்டி இன்னும் ஒரு மணி நேரம் நிற்கும். அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பர்லியார் போகும்போது, நிற்கவேண்டும் என்று எதிர்பார்த்தே போங்கள். ஒரு பிளக் ஸ்பேனர், பழைய காட்டன் துணி, தீயணைப்பு சிலிண்டர் ஒன்று கையில் இருக்கட்டும்.

கால் மணி நேரம் நிறுத்துங்கள். பானட்டைத் திறக்காதீர்கள், இந்த ஒரு தடவை நோய் வரவேண்டும். ஸ்டார்ட் செய்துவிட்டு, தடுமாறத் தொடங்கிய அந்த நொடியில் சோக்கைப் பாதி இழுங்கள். எஸ்யூ கார்ப்பரேட்டரில் சோக் என்பது காற்றை அடைக்கும் தகடு அல்ல. ஜெட்டையே கீழே இறக்கி அதிகம் பெட்ரோல் விடும் ஏற்பாடு. ஆகவே சோக் இழுத்ததும் இன்ஜின் கொஞ்சம் தேறி மூச்சுவிட்டால் அதற்குப் பசி. இழுத்ததும் இன்னும் மோசமாகிப் பொத்தென்று நின்றால் அஜீரணம். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவர்கூடச் செய்யக்கூடிய சோதனை இது. ஆயிரம் ரூபாய் சாமான் வாங்குவதற்கு முன் இதைச் செய்திருந்தால் பல பேருக்குப் பணம் மிச்சமாகியிருக்கும்.

நின்றதும் செல்ஃப் அடிக்காதீர்கள். சாவியை மட்டும் ஆன் செய்துவிட்டு, காதைப் பின்பக்கம் கொடுங்கள். பம்ப் பத்துப் பன்னிரண்டு தடவை டிக் டிக் என்று அடித்து, மெதுவாகி, நின்றுவிட்டால் ஃப்ளோட் சேம்பர் நிறைந்துவிட்டது என்று பொருள், பட்டினி இல்லை. நிற்காமல் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தால், அதன் கையில் பெட்ரோல் சிக்கவில்லை, ஆவியையோ காற்றையோ பிடித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஒரு சத்தமும் இல்லை என்றால் இரண்டு அர்த்தம்: தொட்டி நிறைந்திருக்கலாம், இல்லை பம்பின் பாயின்ட் கருகி ஒட்டியிருக்கலாம். டயர் லிவரின் பிடியால் பம்பை லேசாக ஒரு தட்டு. உயிர் வந்து அடிக்கத் தொடங்கினால் பாயின்ட் போய்விட்டது, பம்பைக் கழற்றிச் சரிசெய்ய வேண்டியதுதான். சாவியை ரொம்ப நேரம் ஆனில் விடாதீர்கள். டெல்கோ பாயின்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் வெந்துபோகும். ஒரு நிமிடம் போதும்.

அதே நேரத்தில் பெட்ரோல் டேங்க் மூடியையும் திறந்து பாருங்கள். புஸ் என்று காற்றை உள்ளே இழுத்தால் டேங்குக்கு மூச்சுவிட வழி இல்லை. பழைய மூடி தொலைந்து, துளை இல்லாத மூடியை யாரோ போட்டிருப்பார்கள். இது ஒன்றுதான் என்றால் உங்கள் செலவு ஒரு மூடியோடு முடிந்தது. ஆனால் உங்கள் வண்டி ஓடும்போது நிற்கவில்லை, நிறுத்தி எடுத்தால்தான் நிற்கிறது என்பதால் எனக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை.

அடுத்து பிளக். நான்கும் மேனிஃபோல்டுக்கு எதிர்ப்பக்கம் இருப்பதால் கை சுடாது, நிதானமாகக் கழற்றலாம். நனைந்து கறுத்துப் பெட்ரோல் வாடை அடித்தால் அஜீரணம். உலர்ந்து, வெளிறி இருந்தால் பசி. இன்னொரு விஷயத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்: முன் கார்ப்பரேட்டர் ஒன்றாம், இரண்டாம் சிலிண்டருக்கு, பின் கார்ப்பரேட்டர் மூன்று, நான்குக்கு. நான்கு பிளக்கும் ஒரே மாதிரி இருந்தால் கோளாறு பொதுவானது. பின் இரண்டு மட்டும் நனைந்திருந்தால், தொட்டி நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கவேண்டிய ஃப்ளோட் ஊசி அந்தக் கார்ப்பரேட்டரில் மட்டும் ஒழுகுகிறது. மலைப்பாதையில் கார்ப்பரேட்டர் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். கீழே மேனிஃபோல்டு எரியும் சூட்டில் இருக்கிறது. அதே காரணத்துக்காகத்தான் பிளக்கைக் கழற்றி ஒயரில் மாட்டி ஸ்பார்க் பார்க்கும் வழக்கத்தையும் அங்கே செய்யாதீர்கள் என்கிறேன்.

கரன்ட் கோளாறைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி உண்டு. உங்கள் 1967 வண்டியின் ஆர்பிஎம் மீட்டர் காயிலுக்குப் போகும் கரன்ட்டை வைத்தே ஓடுகிறது. வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போது இன்ஜின் செத்தால் மீட்டர் முள்ளைப் பாருங்கள். சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் தடாலென்று பூஜ்யத்தில் விழுந்தால் காயில், பாயின்ட், ஒயர் பக்கம் கரன்ட் அறுந்துவிட்டது. வேகத்தோடு சேர்ந்து மெதுவாக இறங்கினால் பெட்ரோல் பக்கம் பாருங்கள். ஐட்லிங்கில் நின்றபடி அணைந்தால் இது தெரியாது. பொதுவாகக் கரன்ட் போனால் சாவியை யாரோ திருப்பியது போலப் பட்டென்று நிற்கும். 'இழுத்து இழுத்து' என்று நீங்கள் எழுதிய விதம் பெட்ரோலையே காட்டுகிறது. கண்டென்சர் மட்டும் விதிவிலக்கு. அது சாகும்போது படபடவென்று வெடித்துத் தடுமாறித்தான் சாகும்.

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். சோதனைக்கு முன்னால் தீர்ப்புச் சொல்லக்கூடாதுதான். ஆனாலும் இரண்டு இடம் கண்ணை உறுத்துகிறது.

இரண்டாவது படத்தில் கார்ப்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே இருக்கும் தகடு வெறும் இரும்பாக இருக்கிறது. அந்தச் சூட்டுத் தடுப்புத் தகட்டில், மேனிஃபோல்டைப் பார்த்த பக்கம், ஒரு மெத்தை ஒட்டியிருக்கவேண்டும். ஐம்பது வருடத்தில் அது உதிர்ந்துவிட்டது. வெறும் தகடு சூட்டைத் தடுக்காது. தோசைக்கல் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டு மேலே கொடுக்கும். அதோடு கார்ப்பரேட்டர் இன்ஜினோடு சேரும் இடத்தில் கறுப்பு பேக்லைட் கட்டை ஒன்று இருக்கவேண்டும், உலோகத்தின் சூடு நேரே ஏறாமல் இருக்க. படத்தில் முன்பக்கக் கார்ப்பரேட்டருக்கு அது இருக்கிறது, பின்பக்கத்துக்கு இருப்பதாகத் தெரியவில்லை. யாரோ எப்போதோ கழற்றி மாட்டியபோது உடைந்திருக்கும், பேக்கிங் மட்டும் வைத்து முறுக்கிவிட்டார்கள்.

மூன்றாவது படத்தில் பெட்ரோல் குழாயின் நடுவே ஒரு கண்ணாடி ஃபில்டர், ராக்கர் கவர் என்ற இன்ஜின் மேல்மூடியின்மேல் படுத்திருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கார்ப்பரேட்டருக்கு வரும் பெட்ரோலை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, இருப்பதிலேயே சூடான இடத்தில் வைத்தது போல. ஆவி தேங்க இதைவிட வசதியான இடம் கிடையாது. நின்றுபோன நேரத்தில் அந்தக் கண்ணாடியைப் பாருங்கள். குமிழி பொங்கிக்கொண்டிருந்தால் நான் சொன்ன மற்றச் சோதனைகளில் பாதி தேவையில்லை.

ஆகவே பசி என்றுதான் என் ஊகம், கொஞ்சம் அஜீரணமும் கலந்து. அது சரியென்றால் வேலை இந்த வரிசையில் நடக்கட்டும். ஃபில்டரைப் பின்னால், பம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். பானட்டுக்குள் ரப்பர் குழாய் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அது மேனிஃபோல்டையும் ராக்கர் கவரையும் தொடாமல் போகட்டும். குழாய் வாங்கும்போது எத்தனால் தாங்கும் ரகம் கேளுங்கள், ஜே30 ஆர்9 என்று மேலே அச்சடித்திருக்கும். மீட்டர் கணக்கில் விற்கும் சாதாரண ரப்பர் குழாய் ஒரு வருடத்தில் உள்ளே உரிந்து, அந்தத் தூள் ஃப்ளோட் ஊசியில் போய் உட்காரும்.

அப்புறம் தகடு. பழைய மெத்தையின் மிச்சம் ஒட்டியிருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். உலர்ந்தபடி சுரண்டி ஊதித் தள்ளும் வேலை வேண்டவே வேண்டாம். தண்ணீரில் நனைத்து, முகமூடி போட்டு எடுத்து, பையில் கட்டிவிடச் சொல்லுங்கள். புதிதாக அலுமினியம் பூசிய பீங்கான் நார்ப் பாய் ஒட்டலாம். பேக்லைட் கட்டை இரண்டு, இருபுறமும் புது பேக்கிங். இவ்வளவுதான் முக்கியமான செலவு, பெரிய தொகை இல்லை.

இதற்குப் பிறகு டியூனிங். இ20 பெட்ரோலில், அதாவது அந்த 20 சதவீத எத்தனால் கலந்ததில், ஆக்சிஜன் கலந்தே வருகிறது. வெறும் பெட்ரோலுக்கு வைத்த அளவில் ஓட்டினால் கலவை மெலிந்துபோகும், மெலிந்த கலவையில் இன்ஜின் இன்னும் சூடாகும். எஸ்யூ கார்ப்பரேட்டருக்குள்ளேயே ஒரு பிஸ்டன் உண்டு; அதைத் தூக்கிப் பார்க்க அடியில் ஒரு சின்னக் கம்பி இருக்கிறது. இன்ஜின் சூடாக ஐட்லிங்கில் ஓடும்போது அதை ஒரு மயிரிழை மட்டும் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் கலவை கனம். வேகம் இறங்கினால் மெலிவு. லேசாக ஏறி உடனே பழைய இடத்துக்கு வந்தால் சரியான அளவு. மெலிவு என்றால் ஜெட்டுக்கு அடியில் உள்ள அறுகோண நட்டை ஒரு முகம், இரண்டு முகம் கீழே இறக்கவேண்டும். இரண்டு கார்ப்பரேட்டருக்கும் தனித்தனியாக. ஐட்லிங்கில் சரியாகி, ஏற்றத்தில் இன்னும் மெலிவாக இருந்தால் ஜெட்டுக்குள் இறங்கும் ஊசியை மாற்றலாம். உங்கள் வண்டிக்கு வழக்கமானது 5 எண் ஊசி, அடுத்த கனமான ரகம் 6. டைமிங்கையும், அதாவது ஸ்பார்க் விழும் நேரத்தையும், பார்க்கச் சொல்லுங்கள். டைமிங் பின்தங்கியிருந்தால் பெட்ரோல் சிலிண்டருக்குள் எரிந்து முடியாமல் மேனிஃபோல்டில் போய் எரியும், அடுப்பைக் கூட்டிவிட்டது போலத்தான். டெல்கோ பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று மட்டும் சொல்லி அதை விட்டுவிடுகிறேன். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடென்றாலும் கூலன்ட் கலந்தே ஊற்றுங்கள்.

இனி உங்கள் மூன்று மெக்கானிக்குகள்.

காயில் மாற்றியவர் விஷயத்தில் எனக்கு ஒரு கவலை இருக்கிறது. 1967இல் வந்த எம்ஜிபிகளில் பெரும்பாலும் பேட்டரியின் பிளஸ்தான் பாடியில் எர்த். இன்று ஓடும் கார்களுக்குத் தலைகீழ். உங்கள் வண்டி இன்னும் அப்படியே இருந்தால், காயிலின் மைனஸ் முனை சாவிப் பக்கமும் பிளஸ் முனை டெல்கோ பக்கமும் போகவேண்டும். பழக்கதோஷத்தில் மாற்றி மாட்டியிருந்தாலும் வண்டி ஓடும்; ஆனால் ஸ்பார்க் வலு குறைந்துவிடும், அந்தக் குறை சூட்டில்தான் தெரியும். பேட்டரியில் எந்த முனையிலிருந்து பாடிக்கு ஒயர் போகிறது என்று பார்த்துவிட்டு, காயிலைப் பாருங்கள். இன்னொன்று, சாவியை ஆஃப் செய்து, ஒயரைக் கழற்றிவிட்டு, காயிலின் இரண்டு சிறு முனைகளுக்கு நடுவே மீட்டர் வைத்தால் 3 ஓம் அளவில் காட்டவேண்டும். 1.5 காட்டினால் அது கரன்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டரோடு போடவேண்டிய காயில். ரெசிஸ்டர் இல்லாமல் போட்டால் கையை வைக்க முடியாத சூடாகும். கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி மாட்டுவதில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. கண்டென்சரையும் ரோட்டரையும் நான் சோதித்துக்கொண்டிருக்க மாட்டேன். நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றை மாட்டி ஓட்டிப்பார்ப்பேன். பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். இப்போது வரும் புதுச் சாமானைவிடப் பழைய லூக்காஸ் ரோட்டர் பல நேரம் மேல்.

பெரிய பம்ப் வேண்டவே வேண்டாம். எஸ்யூ கார்ப்பரேட்டரின் ஃப்ளோட் ஊசி சதுர அங்குலத்துக்குச் சுமார் மூன்று பவுண்டு அழுத்தம் தாங்கும்படி செய்தது. அதற்கு மேல் தள்ளினால் ஊசி தோற்றுப்போய், பெட்ரோல் வழிந்து மேனிஃபோல்டு பக்கம் ஒழுகும். இப்போதைய இன்ஜெக்‌ஷன் கார்களின் பம்ப் அதைப்போலப் பதினைந்து மடங்கு அழுத்தம் கொடுக்கும். இந்த யோசனையைச் சொன்னவரிடம் வண்டியைத் தனியாக விடாதீர்கள்.

ஒற்றைக் கார்ப்பரேட்டர் போட்டால் வண்டி ஓடும், பொய் இல்லை. ஆனால் அதுவும் அதே மேனிஃபோல்டுக்கு மேல்தான் உட்காரப்போகிறது. தொல்லை எங்கே போகும்? போகப்போவது அப்புச்சி ஓட்டிய வண்டியின் இழுவைதான். 95 குதிரை சக்தி என்று தொழிற்சாலை சொன்னது இந்த இரண்டு எஸ்யூவை வைத்துத்தான்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லியிருப்பார்கள்: விலை கூடிய பிரீமியம் பெட்ரோல் ஊற்றினால் சரியாகும் என்று. ஆக்டேன் என்பது இன்ஜின் தட்டாமல் இருப்பதற்கான எண். எந்தச் சூட்டில் ஆவியாகும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எத்தனால் விஷயத்தில் நான் பயப்படுவது வேறொன்றுக்கு. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இரண்டு மாதம் வண்டியை மூடிவைத்தால் பழைய இரும்பு டேங்குக்கு அது நல்லதல்ல. மாதம் ஒரு தடவையாவது ஓட்டிப் பெட்ரோலைச் செலவழியுங்கள், இதற்குமேல் ஒரு நல்ல காரணம் வேண்டுமா?

வேலை முடியும்வரை வழியில் என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன். ஏற்றம் ஏறிவந்து நிறுத்தும்போது நிழலில், காற்று வரும் பக்கம் முகத்தை வைத்து நிறுத்துங்கள். ஒரு நிமிடம் ஐட்லிங்கில் ஓடவிட்டு அணையுங்கள். அணைத்த கையோடு பானட்டைத் திறந்து வையுங்கள். சூடு மேலேதான் போகும், அதற்கு வழி விட்டாலே போதும். திரும்ப எடுக்கும்போது சாவியை ஆன் செய்து பம்ப் அடித்து அடங்கும்வரை காத்திருங்கள், இருபது முப்பது நொடி. ஆவி ஃப்ளோட் சேம்பர் வழியாக வெளியேறி, குளிர்ந்த பெட்ரோல் வந்து சேரும். அதற்குப் பிறகே செல்ஃப். தடுமாறினால் சோக்கைக் கொஞ்சம் இழுத்து, இரண்டாயிரம் ஆர்பிஎம்மில் அரை நிமிடம் பிடியுங்கள். அப்படியும் நின்று, பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தால் சோக்கைத் தொடாதீர்கள். ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். மிதித்து மிதித்து விடுவதால் ஒரு பயனும் இல்லை. எஸ்யூவில் மிதித்தால் பெட்ரோல் பீய்ச்சும் பம்ப் கிடையாது, கால்தான் வலிக்கும்.

சோக் இழுத்ததும் என்ன ஆயிற்று, பம்ப் எப்படி அடித்தது, நான்கு பிளக்கும் எந்த நிறம், கண்ணாடி ஃபில்டரில் குமிழி இருந்ததா, இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள். பிளக்குகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு வெள்ளைத் துணியில் வைத்துப் படம் எடுத்தால் எனக்கு வசதி.